எண்களை வாசிக்கும் குரல்

செய்தி வாசிப்பவரின் குரல் உடையக் கூடாது என்பார்கள். எழுதியவர் வேறொருவர், பிழையில்லாமல் வாசித்தால் உங்கள் வேலை முடிந்தது என்பார்கள். அப்படியானால் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதையே வாசித்தவருக்கு அதில் தன் பங்கென்று எது மிஞ்சும்? இலங்கை மலையகத்தின் றொசல்லயில் வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் 1964ஆம் ஆண்டும் கூடவே வருகிறது.

அந்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப் போன எங்கள் மலையகத் தமிழ் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். (அந்தப் 'பிறகு' 1974இல் வந்தது, இரு நாடுகளுக்கும் பாதிக்குப் பாதி.) வானொலியில் ஒரே மூச்சில் வாசித்துவிடக்கூடிய செய்தி. தோட்டத்து லய வீடுகளில் கேட்டவர்களுக்கோ அண்ணன் எந்தக் கணக்கில், தங்கச்சி எந்தக் கணக்கில் என்று தெரியாது. பின்னாளில் அட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து இந்தியாவுக்குப் போகும் குடும்பங்களை ஏற்றிய கோச்சி றொசல்ல ஸ்டேஷனைத் தாண்டித்தான் தலைமன்னாருக்குப் போனது.

அந்தச் செய்தியைக் குரல் உடையாமல் வாசித்தவரை நான் குறை சொல்லமாட்டேன். தழுதழுத்த குரலில் எண் சரியாகக் கேட்காது. எண் சரியாகக் கேட்காவிட்டால் குடும்பங்கள் எதை வைத்து முடிவெடுக்கும்? வாசிப்பவர் அன்று செய்யக்கூடிய பெரிய உதவி தெளிவுதான். ஆனால் நிதானத்திலும் இரண்டு வகை உண்டு. ஒன்று தெரிந்தும் அடக்கிக்கொண்டது, மற்றது எதுவுமே தெரியாததால் வந்தது. முதல் வகைக்காரர் அந்த எண்ணுக்குப் பிறகு அரை நொடி நிறுத்துவார். காதுள்ளவர்களுக்கு அது விளங்கும். அந்த அரை நொடிதான் அவருடைய பங்கு என்று நான் நம்புகிறேன்.

நல்ல உச்சரிப்புக்கும் பிறந்த இடம் தடையில்லை. 2022இல் மறைந்த செய்தி வாசிப்பாளர் சரோஜ் நாராயணஸ்வாமி மும்பையில் பிறந்தவர். டெல்லியிலிருந்து அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தார். தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்ந்தவரின் உச்சரிப்பைத்தான் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கேட்டுப் பழகினார்கள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளிடம் இதை நான் விடாமல் சொல்வேன். லகரத்தையும் ழகரத்தையும் உழைத்துப் பழகுங்கள், அது எவருக்கும் பிறப்போடு வருவதல்ல. ஆனால் லயத்தில் பிறந்ததை மறைத்துத்தான் ஒலிவாங்கி முன் உட்கார வேண்டும் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஏனென்றால் லய வாழ்க்கை தந்த அறிவு வாசிப்பறைக்குத் தேவை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியது. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகள் என்பதை அறிந்தவர், எத்தனை லயம் என்று வாசிக்கும்போதே எத்தனை குடும்பம் என்று கணக்குப் போட்டிருப்பார். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று அறிவித்தார்கள். ஒரு நாள் சம்பளக் கணக்கில் பெயர் விழ எத்தனை கிலோ கொழுந்து பறிக்க வேண்டும் என்பதைத் தன் அம்மாவிடம் கேட்டு வளர்ந்தவர், அதை வெறும் தொகையாக வாசிக்கமாட்டார்.

அப்படிப்பட்டவர்கள் செய்தி எழுதும் மேசைக்கும் வரவேண்டும். தேயிலை ஏற்றுமதி வருமானம் முதலிலா, கொழுந்து பறிப்பவரின் சம்பளம் முதலிலா என்பதை அங்கேதான் தீர்மானிக்கிறார்கள்.