கிணறு எப்போது தூய்மையாகிறது?

கெட்டுப்போன கிணறு எப்போது மீண்டும் நல்ல கிணறாகிறது, அதைச் சொல்லும் தகுதி யாருக்கு உண்டு என்ற கேள்வியைச் சுற்றுச்சூழல் சட்டங்களுக்கு வெகுகாலம் முன்பே சமயங்கள் எடுத்துக்கொண்டன. அதில் மிக நுணுக்கமாக யோசித்தவர்களில் இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் முக்கியமானவர்கள். பாக்தாதில் வாழ்ந்து 1037இல் மறைந்த இமாம் குதூரியின் சட்டச் சுருக்கம் இன்றும் மத்ரஸாக்களில் பாடமாக உள்ளது. அதன்படி, கிணற்றில் எலி விழுந்து செத்தால் அதை எடுத்துவிட்டு 20 முதல் 30 வாளி வரை இறைக்க வேண்டும். கோழி, பூனை என்றால் குறைந்தது 40 வாளி. நாயோ ஆடோ மனிதரோ இறந்தால் முழுக் கிணற்றையும் இறைக்க வேண்டும். ஊற்று ஓயாமல் சுரக்கும் கிணறானால், உள்ளே இருந்த நீரை மதிப்பிட்டு அந்த அளவு இறைத்தால் போதும். முடியாததை இந்தச் சட்டம் யாரிடமும் கேட்கவில்லை.

வாளிக் கணக்கைவிட ஆழமானது காலக் கணக்கு. செத்த எலி மிதக்கிறது. அது எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த நீரில் ஒளு என்னும் உடல் தூய்மை செய்து தொழுத தொழுகைகள் என்னாகும்? எலி ஊதாமல் இருந்தால் ஒரு பகல் ஓர் இரவுக்கான தொழுகைகளையும், ஊதியிருந்தால் மூன்று பகல் மூன்று இரவுக்கானவற்றையும் திரும்பத் தொழ வேண்டும் என்றார் இந்த மத்ஹபின் முன்னோடியான இமாம் அபூஹனீபா. விழுந்த நேரம் உறுதிப்படும்வரை எதையும் திரும்பத் தொழ வேண்டியதில்லை என்றனர் அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும். உறுதியானது ஐயத்தால் நீங்காது என்ற விதி மாணவர்கள் பக்கம் நிற்கிறது. ஆசிரியரோ ஊதிய உடலையே சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்.

இரு தரப்புக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை உண்டு: கேடு புலன்களுக்குத் தெரியும். அளவில் பெரிய நீர்நிலையின் நிறம், சுவை, மணம் மாறாதவரை அது தூய நீரே. நிலத்தடி நீரில் கலக்கும் நைட்ரேட் இந்த மூன்றில் எதையும் மாற்றுவதில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள யாக்கிமா பள்ளத்தாக்கில் இது பெரும் வழக்கானது. அங்குள்ள பெரிய பால்பண்ணைகள் சாணத்தையும் கழுவுநீரையும் மண்குளங்களில் தேக்கி வயல்களுக்குப் பாய்ச்சின. பயிர் எடுத்துக்கொண்டதுபோக மிஞ்சும் நைட்ரஜனை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக்குகின்றன. களிமண் அதைப் பிடித்துவைக்காது. வேர்களைத் தாண்டி அது கீழே இறங்கிவிடும். குடிநீரில் நைட்ரேட்டாக இருக்கும் நைட்ரஜனுக்கு அமெரிக்க வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம். அதற்கு மேல் போனால், அந்த நீரில் பால்மாவு கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். தாய் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகிறது, நைட்ரேட் தங்கிவிடுகிறது. செறிவு இன்னும் கூடுகிறது. காலங்காலமாகக் குழந்தையைக் காத்த பழக்கம் இங்கே கேட்டைக் கூட்டுகிறது.

மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2013இல் சில பண்ணைகளுடன் ஓர் ஒப்புதல் ஆணைக்கு வந்தது. வரம்பு மீறிய கிணறுகளைக் கொண்ட அண்டை வீட்டாருக்குப் பண்ணைகள் மாற்றுக் குடிநீர் தரவும் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டவும் வேண்டியிருந்தது. ஊர்மக்கள் தரப்பு தனியே தொடுத்த வழக்கில் 2015 ஜனவரியில் மத்திய மாவட்ட நீதிமன்றம், பயிரின் தேவைக்கு மேல் கொட்டிய சாணத்தையும் குளங்களிலிருந்து கசிந்ததையும் திடக்கழிவு என்றே கொள்ள வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. எந்த நாளில், எந்தக் குளத்திலிருந்து வந்த நைட்ரேட் எந்த வீட்டுக் கிணற்றை எட்டியது என்று எவராலும் காட்ட முடியாது. மண் பரிசோதனைகளும் குளங்களின் கசிவும் நீதிமன்றத்துக்குச் சான்றாயின. அபூஹனீபாவின் வழியும் இதுதான்.

கெட்ட கிணற்றைத் தூய்மைப்படுத்தத் தர்ம சாஸ்திரங்கள் கைக்கொண்ட பஞ்சகவ்யத்திலும் இதே சாணம் உண்டு. தூய்மையும் தீட்டும் பொருளுக்குள் இல்லை. அளவும் இடமுமே அவற்றைத் தீர்மானிக்கின்றன என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஐயத்தின் பலனைத் தொழுபவருக்குக் கொடுத்த மாணவர்களின் விதி கருணையில் பிறந்தது. கிணற்றை நம்பி வாழ்பவரின் சுமையை அது இறக்கிவைத்தது. கழிவைக் கொட்டியவர் அதே விதியை எடுத்துப் பேசும்போது கருணை இடம் மாறிவிடுகிறது. எனவே இத்தகைய வழக்குகளில் ஐயத்தின் பலன் குடிப்பவருக்கே சேர வேண்டும். தூய்மையை மெய்ப்பிக்கும் கடமை பண்ணையைச் சேரும். மாதிரி நீரைப் பண்ணையே எடுத்து அறிக்கை அனுப்பும் வழக்கத்தையும் இந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும். தனக்கே ஆதாயம் தரும் சாட்சியத்தை இஸ்லாமியச் சட்டம் ஏற்பதில்லை. கண்காணிக்கும் அலுவலரும் தாமே மாதிரி எடுக்காமல் சான்றளிக்கக் கூடாது.

நிலத்தடி நீர்த்தேக்கத்தை வாளியால் இறைத்துத் தீர்க்க முடியாது. இறங்கிவிட்ட நைட்ரேட் பல பத்தாண்டுகள் தங்கக்கூடும். குளங்களுக்குக் கசியாத அடித்தளம் இடுவதும், சாணத்தைப் பயிரின் தேவையோடு நிறுத்துவதும், அதுவரை அண்டை வீட்டாருக்கு நல்ல நீர் தருவதும்தான் இன்று செய்யக்கூடியவை. அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டுக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் தர வரம்புகள் தனியார் வீட்டுக் கிணறுகளுக்குப் பொருந்தா. அந்தக் கிணறுகளைப் பரிசோதிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பெரும் பண்ணைகளின் அருகில் உள்ள வீடுகளிலாவது அந்தச் செலவைப் பண்ணைகளே ஏற்க வேண்டும்.