கழுகு அலகை உடைத்துக்கொள்ளுமா?



நாற்பது வயதில் கழுகு மலைக்குப் போய், அலகைக் கன்மலையில் மோதி உடைத்து, இறகையெல்லாம் பிடுங்கிப்போட்டு, ஐந்து மாதம் காத்திருந்து புது ஜீவன் அடையும் என்று நான் எத்தனையோ தரம் பிரசங்கித்திருக்கிறேன். சங்கீதம் 103-ஐ எடுத்தாலே இந்தக் கதைதான். சிதம்பரம் கன்வென்ஷனிலும் முழங்கினேன். சபையார் அல்லேலூயா சொன்னார்கள்.

கூட்டம் முடிந்ததும் கடலூர் ஓ.டி.யில் வலைத்தொழில் செய்கிற வயதான சகோதரர் ஒருவர் தனியாய் வந்தார். "பாஸ்டரய்யா, கோவிச்சுக்காதீங்க. அலகு போனா அது எதைக் கிழிச்சுத் தின்னும்? செத்துல்ல போவும்!"

சுருக்கென்றது. மறுநாள் விடியற்காலம் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். மீன் இறக்குகிற இடத்துக்கு மேலே, ஊரார் கருடன் என்கிற செம்பருந்தும், வால் பிளந்த கரும்பருந்தும் வட்டமிட்டன. (பருந்தும் கழுகு குடும்பந்தான்.) ஒன்றின் செட்டையில் பல் விழுந்த வாய்போல இடைவெளி. "இறகு உதிருது. அந்தப் பக்கமும் பாருங்க, ஏறக்குறைய அதே இடம்" என்றார். ஒன்றிரண்டாய் உதிர்ந்து, அந்த இடத்தில் புதிது முளைத்த பிறகே அடுத்தது விழுமாம். மாதக்கணக்காய் நடக்கும். ஒருநாளும் பறப்பதை நிறுத்தாது, இரை தேடுவதையும் நிறுத்தாது. பிற்பாடு விசாரித்தேன், அப்படியேதான்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையேறினபோது இவருடைய குடிசையும் வலையும் போயிற்று. செம்பருந்து கூடு கட்டுகிற காலமும் அதுவே. மரங்கள் சாய்ந்துவிட்டன. சில வாரத்தில் ஒரு ஜோடி செல்போன் டவரில் சுள்ளி, கம்பி, கிழிந்த வலைத்துண்டு எல்லாம் சேர்த்துக் கட்டினதாம். டெல்லி பட்டணத்திலும் பருந்துகள் குப்பைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்தே கூடு கட்டுகின்றன. "அந்தத் துண்டு என் வலையாக்கூட இருக்கும்" என்று சிரித்தார். அந்த வாரமே கடன் வாங்கி இவரும் வலை பின்ன உட்கார்ந்தாராம்.

தேவஜனமே, ஏன் இதை எழுதுகிறேன்? என் பிரசங்கத்தைக் கேட்டு ஒரு சகோதரி கருவாட்டு வியாபாரத்தை நிறுத்தி, "என் அலகு உடையட்டும்" என்று வீட்டுக்குள் அடைந்துகிடந்தாள். பிள்ளைகள் பக்கத்து வீட்டில் சாப்பிட்டார்கள். அது எனக்குத் தெரியவே தெரியாது.

அடுத்த ஞாயிறு பிரசங்கபீடத்தில் நின்று, நான் சொன்னது தப்பு என்று அறிக்கை செய்தேன். அன்று யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. திங்கட்கிழமை அந்தச் சகோதரி கூடையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றதைப் பார்த்தேன்.