விளக்கிற்கு எண்ணெய் வார்ப்பவர் யார்?



ஆசிரியப் பணியைப் பற்றி மேடையேறிப் பேசுவோர் எவராயினும் மெழுகுவர்த்தி உவமையைச் சொல்லாமல் அமர்வதில்லை. தன்னை உருக்கிக்கொண்டு பிறர்க்கு ஒளி தருவது மெழுகுவர்த்தி; அதுபோலத் தம்மை உருக்கிக்கொண்டு மாணாக்கர்க்கு அறிவொளி தருபவர் ஆசிரியர் என்பர். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் பணியாற்றிய காலமெல்லாம் நாமும் இதையே சொல்லி வந்தோம். ஆண்டுதோறும் புதிதாக வந்து சேரும் பயிற்சி மாணவியர்க்கு, முதல் நாள் முதல் வகுப்பில், கரும்பலகையில் ஒரு மெழுகுவர்த்தியை வரைந்துவிட்டே பாடத்தைத் தொடங்குவது நமது வழக்கமாக இருந்தது.

எழுபது வயதைக் கடந்து இன்று திரும்பிப் பார்க்குங்கால், அவ்வுவமை சரிதானா என்னும் ஐயம் நம்மை வாட்டுகிறது. ஒருவர் தம்மை முற்றிலும் உருக்கிக்கொள்ள வேண்டும் என்று மற்றவர் எதிர்பார்ப்பது அறமாகுமா? அவ்வாறு உருகி முடிந்தவரிடமிருந்து குழந்தைகள் பெறுவது உண்மையில் ஒளிதானா? இவ்விரு வினாக்களையும் வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

நம்மிடம் பயின்றவள் ஒருத்தி. நம் சமுதாயப் பெண்; பெயர் வேண்டாம். பயிற்சிக் காலத்தில் அவள் பாடம் நடத்தும் அழகைக் காண மற்ற மாணவியரை அழைத்துச் சென்று பின்வரிசையில் அமர்த்துவோம். அவளுக்கு ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஐந்து வகுப்புகள், இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியர் கூட்டத்திற்கோ அலுவலகத்திற்கோ சென்றுவிட்டால் ஐந்து வகுப்புகளும் அவள் ஒருத்தியின் பொறுப்பு. காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறுவாள். மாலையில் இரண்டு பேருந்து மாறி வீடு திரும்பும்போது தெருவில் விளக்கு வைத்திருப்பார்கள். பொழுது சாய்ந்தபின் உண்ணாத குடும்பம் அவளுடையது. மார்கழி, தை மாதங்களில் பல நாள், நண்பகலில் உண்ட உணவோடு மறுநாள் காலை வரை இருந்துவிடுவாள். மனமுவந்து ஏற்றால் அது நோன்பு. பேருந்து தாமதித்ததால் வந்தது வெறும் பட்டினியே.

இரவில் குழந்தையை உறங்க வைத்தபின் அவளது இரண்டாவது பணிநேரம் தொடங்கும். திருத்த வேண்டிய நோட்டுகள், சத்துணவுக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பங்கள், இணையத்தில் ஏற்ற வேண்டிய மாணவர் விவரங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். ஒன்பது மணிக்கு மேலும் வாட்ஸ்ஆப் குழுவில், ‘இன்றே அனுப்பவும்’ என்னும் செய்தி வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நம்மைக் காண வந்தாள். “அம்மா, இரவில் தூக்கம் வருவதில்லை. காலையில் பள்ளிக்கூடத்து வாசலைக் கண்டாலே நெஞ்சு படபடக்கிறது. நான் என்ன செய்யட்டும்?” என்றாள். நாம் செய்தது என்ன? காபி கொடுத்தோம். மெழுகுவர்த்தியை நினைவூட்டினோம். “பொறுத்துக்கொள் அம்மா; குழந்தைகளின் முகத்தைப் பார், எல்லாம் மறந்துபோகும்” என்று சொல்லி அனுப்பினோம். அவளும் நம் காலைத் தொட்டு வணங்கிவிட்டுச் சென்றாள்.

சில மாதங்கள் கழிந்தன. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரே கழித்தல் கணக்கை மூன்றாம் முறையும் தவறாகப் போட்டு வந்தாள். இவள் அந்த நோட்டை வகுப்பார் முன்னிலையில் இரண்டாகக் கிழித்தாள். சொல்லத் தகாத சொல்லையும் சொன்னாள். அச்சிறுமி பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை. இவளே அந்த வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டபோது, சிறுமியின் தாய், “நீங்களா டீச்சர் இப்படிச் செய்தீர்கள்?” என்று மட்டும் கேட்டாளாம். அதன்பின் இவள் நீண்ட விடுப்பில் சென்றாள். நோட்டைக் கிழித்தவை அவளுடைய கைகள்தாம். எனினும் அக்கைகளை அந்த நிலைக்குத் தள்ளியதில் நமது அறிவுரைக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை.

நமது தவறு எங்கே இருந்தது? சோர்வை அவளது பொறுமைக் குறைவாகக் கண்டோம். உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு, பணிச்சோர்வு என்பதற்கு விளக்கம் தருகிறது. அதனை ஒரு நோயென்று அது கூறவில்லை. பணியிடத்தில் நெடுநாள் நீடித்து, உரியவாறு கையாளப்படாத நெருக்கடியின் விளைவு என்றே கூறுகிறது. அதற்கு மூன்று அடையாளங்களையும் காட்டுகிறது. முதலாவது, ஆற்றல் வற்றிப்போதல். இரண்டாவது, செய்யும் தொழிலிலிருந்து மனம் விலகி அதன்மீது கசப்புத் தோன்றுதல். மூன்றாவது, செயல்திறன் குறைந்துபோதல்.

இம்மூன்றனுள் முதலாவதும் மூன்றாவதும் ஆசிரியரைத் தாக்குவன. இரண்டாவது குழந்தையைத் தாக்குவது. மனம் விலகிய ஆசிரியரின் முன் நாற்பது குழந்தைகள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களால் எழுந்து வேறிடம் செல்ல இயலாது. மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் பிற உயிர்க்குத் தீங்கு செய்யலாகாது என்று பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படியாயின், தம் வலிமைக்கு மேற்பட்ட சுமையைத் தொடர்ந்து சுமந்து, அதனால் வரும் சினத்தைச் சிறு பிள்ளைகள்மேல் இறக்கும் நிலைக்கு ஓர் ஆசிரியர் வருவதைத் தியாகம் என்று எங்ஙனம் போற்றுவது? அந்நிலை வாராமல் காப்பதும் அறத்தின் ஒரு பகுதியே.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆசிரியரின் குறைந்த அளவு பணிநேரம் வாரத்திற்கு 45 மணி என்றும், பாடத்திற்கு ஆயத்தம் செய்யும் நேரமும் அதனுள் அடங்கும் என்றும் அதன் அட்டவணை கூறுகிறது. ஆயத்தமும் பணியே என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. நம் பள்ளிகளின் கால அட்டவணைகள் பலவற்றில் அதற்கு ஓர் இடமில்லை. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிரக் கல்வி சாராத வேறு பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்று அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் பதிவேடுகளும் படிவங்களும் கல்வியின் பெயராலேயே வருவதால், அவை அத்தடைக்குள் சிக்குவதில்லை.

அதே அட்டவணை தொடக்கப் பள்ளிகளில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள் என்று வகுக்கிறது. தலைக்கணக்கில் பார்த்தால் இது தாராளமானது. ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளே. ஆயினும் அந்த 60 பிள்ளைகளும் ஐந்து வகுப்புகளில் இருக்கிறார்கள். ஒரு மூலையில் உயிரெழுத்து, மறு மூலையில் பின்னக் கணக்கு. பிள்ளைகளை எண்ணுகின்ற அளவுகோல் பாடங்களை எண்ணவில்லை. நம் மாணவி முறிந்த இடம் இதுவே.

இக்கவலை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஆசிரியர்களின் நிலை குறித்த சர்வதேசப் பரிந்துரை 1966 அக்டோபர் 5 அன்று பாரிசில் ஏற்கப்பட்டது. அதன் நினைவாகவே 1994 முதல் அந்நாள் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆசிரியரின் பணிநேரத்தை வகுக்கும்போது மாணாக்கர் தொகை, ஆயத்தத்திற்கும் திருத்துவதற்கும் வேண்டிய நேரம் முதலியவற்றைக் கருத வேண்டும் என்று அப்பரிந்துரை அன்றே கூறிற்று. இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஓர் உடன்படிக்கையின் பயனாக, 2005 செப்டம்பர் முதல் அரசுப் பள்ளி ஆசிரியர்க்குக் கற்பிக்கும் நேரத்தில் குறைந்தது 10 விழுக்காடு, பள்ளி நேரத்திற்குள்ளேயே, ஆயத்தத்திற்கும் மதிப்பீட்டிற்குமென ஒதுக்கப்பட்டது. அதனால் அங்கே சுமை முழுதும் தீர்ந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. ஓய்வைப் பற்றிய பேச்சை அவர்கள் நல்லெண்ணத்திற்கு விட்டுவிடாமல் கால அட்டவணையில் எழுதி வைத்தார்கள். நாம் கற்க வேண்டியது அது.

இவ்விடத்தில் சிலர் தடை எழுப்புவர். ‘கோடை விடுமுறை உண்டு, மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. வெயிலில் நாற்று நடுபவளுக்கு இல்லாத சோர்வு ஆசிரியைக்கு எங்கிருந்து வந்தது?’ என்பர். தடை நியாயமானதே, அதனைத் தள்ளிவிடுவதற்கில்லை. பள்ளிக்கே ஒழுங்காக வாராதவரும், வந்தும் கற்பியாதவரும் உளர் என்பதை நாமும் அறிவோம். அத்தகையோர்க்கு இக்கட்டுரை புகலிடம் ஆகலாகாது. ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். நடவுப் பெண்ணுக்கு ஓய்வில்லை என்பது திருத்தப்பட வேண்டிய மற்றொரு குறை. முதற்குறைக்கு அது மருந்தாகாது. மேலும், மாதம் பிறந்தால் நல்ல சம்பளம் என்னும் பேச்சு, சிறு சம்பளத்திற்குத் தனியார் பள்ளிகளில் காலை முதல் இரவு வரை உழைக்கும் நம் வீட்டுப் பெண்கள் பலர்க்குப் பொருந்தாது. சோர்வு முதலில் வீழ்த்துவது கடமை தவறுபவரை அன்று, கடமையில் ஊன்றியவரையே. அவரை இழந்துவிட்டுப் பள்ளியில் யாரை வைத்துக்கொள்ளப் போகிறோம்?

‘பள்ளி’ என்னும் சொல்லையே சற்று எண்ணிப் பாருங்கள். மதுரையை அடுத்த மாங்குளம் மலையில், இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டில் அச்சொல் காணப்படுகிறது. அங்கே அது துறவியர் தங்கிய குகையைக் குறிக்கிறது. வெட்டிச் செதுக்கிய கற்படுக்கைகள் இன்றும் அங்கே உள்ளன. பள்ளிகொள்ளுதல், பள்ளியறை என்னும் வழக்குகளில் துயிலும் ஓய்வும் அதன் பொருளாக நிற்கின்றன. துயிலுமிடத்திற்கும் கற்குமிடத்திற்கும் தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் ‘ஸ்கூல்’ என்னும் சொல்லும் ஓய்வுநேரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பிறந்தது. அமைதியுற்ற உள்ளத்தில்தான் கல்வி நிகழும் என்பதைச் சொல்லை ஆக்கிய முன்னோர் அறிந்திருந்தனர் போலும். ஓய்வை முழுதும் வெளியேற்றிவிட்ட இடத்திற்கு நாம் இன்னும் அப்பெயரையே வழங்கி வருகிறோம்.

ஆகவே செய்யத் தக்கவை சிலவற்றைக் கூற விழைகிறோம். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு உடையதன்று.

நம் சமுதாயத்தில் தலைமையாசிரியர்களும் பள்ளித் தாளாளர்களும் உள்ளனர். மாலை ஆறு மணிக்குமேல் எந்தச் செய்தியும் ஆசிரியர்க்கு அனுப்புவதில்லை என்று அவர்கள் ஒரு விதியை வகுத்துக்கொள்ளலாம். காலையில் சொன்னால் கெட்டுப்போகும் செய்தி மிகச் சிலவே. நாளொன்றுக்கு ஒரு பாடவேளையேனும் ஆயத்தத்திற்கென்று விட்டு, அதனைப் பதிலி வகுப்பால் பறிக்காமல் காக்கலாம். ஒரே விவரத்தை மூன்று பதிவேடுகளில் எழுதச் சொல்லும் வழக்கத்தை நிறுத்தலாம்.

பெற்றோர்க்கும் பொறுப்பு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. கழிப்பறை, குடிநீர் குறித்துப் பேசுவதுபோல, ‘எங்கள் ஆசிரியர்க்குக் கற்பித்தலன்றி வேறு என்னென்ன வேலைகள் தரப்பட்டுள்ளன?’ என்னும் வினாவையும் அக்குழுவில் எழுப்பலாம். வீட்டிலுள்ளோர்க்கு ஒரு சொல்: ஆசிரியை வீடு திரும்பும் வேளையில் அடுப்பங்கரை அவளுக்காகக் காத்திருக்கலாகாது, ஒரு தட்டில் அவளுக்குரிய உணவே காத்திருக்க வேண்டும். கணவரும் மாமியாரும் இதனைச் செய்தால், அப்பெண் வகுப்பறையில் பேசும் மொழியே மாறிவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று கூறுவோம். பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்வது இல்லறத்தார்க்கு விரதம் என்று கற்றிருக்கிறோம். உழைப்புக்கும் அங்ஙனமே ஓர் அளவு வேண்டும். ‘இன்று இவ்வளவே என்னால் இயலும்’ என்று பணிவோடு கூறுவது கடமையில் தவறுவதாகாது. முப்பது நோட்டுகளை நள்ளிரவில் கண்ணெரியத் திருத்துவதைவிட, பத்து நோட்டுகளைப் பிள்ளையை அருகில் அமர்த்தித் திருத்துவது மேல்.

அம்மாணவி பின்னர் என்ன ஆனாள் என்று அன்பர்கள் கேட்பீர்கள். ஓராண்டிற்குப் பின் பணிக்குத் திரும்பினாள். இப்போது வீட்டிற்கு அருகிலுள்ள வேறொரு பள்ளியில் இருக்கிறாள். அண்மையில் அவளைக் கண்டபோது, அன்று தந்த அறிவுரைக்காக நாம் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் நம் கையைப் பற்றிக்கொண்டாள். “அன்று நீங்கள் ‘உனக்கு உதவிக்கு யார் இருக்கிறார்கள்?’ என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும் அம்மா” என்றாள்.

இன்று கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மீண்டும் நம் கைக்கு வருமாயின், மெழுகுவர்த்தியை வரைய மாட்டோம். ஓர் அகல்விளக்கை வரைவோம். அகல் உருகுவதில்லை. எண்ணெயும் திரியும் உள்ளவரை எரியும். குறைந்தால் யாரேனும் வந்து வார்க்க வேண்டும். பிள்ளைகளை அவ்வொளியில் அமர்த்திவிட்டுச் செல்லும் நாம் அனைவருமே அதற்கு எண்ணெய் வார்க்கக் கடமைப்பட்டவர்கள். நம் ஊர்ப் பள்ளியில் உள்ள ஆசிரியை இன்று மாலை எத்தனை மணிக்கு வீடு சேர்ந்தாள் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். கடமை அங்கிருந்தே தொடங்கட்டும்.