வடிகட்டிய நீரும் வார்க்கும் கலமும்

நீரை வடிகட்டிப் பருகுதல் நம் இல்லறத்தாரின் தொன்மையான ஒழுக்கம். துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, நீர் முகந்த இடத்திலேயே மீண்டும் விட்டுவிடுதலும் அதன் ஒரு பகுதியே. இன்று அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வாழும் நம் பிள்ளைகளுள் பலர் கிணற்றில் நீர் இறைத்தறியார். இருபது லிட்டர் கேன் வாயிலில் வந்து இறங்குகிறது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்கு இரயிலில் நீர் கொணர்ந்த நாட்களில் கேன் நீரே பல குடும்பங்களைக் காத்தது. அதனை இழித்துரைப்பது என் நோக்கமன்று. நீரின் தூய்மையில் இத்துணைக் கருத்துச் செலுத்தும் நாம், அதனை வார்க்கும் கலத்தைப்பற்றி எண்ணுகிறோமா என்பதே வினா.

கலங்களை முதலில் பிரித்தறிதல் வேண்டும். கடைகளில் விற்கும் மெல்லிய ஒரு லிட்டர்ப் புட்டி ‘பெட்’ வகையினது. அடியில் முக்கோணத்துள் 1 என்னும் எண் இருக்கும். கண்ணாடிபோல் தெளிந்து கடினமாய் இருக்கும் புட்டிகளும் கேன்களும் பல பாலிகார்பனேட்டால் ஆனவை. ‘பிற வகை’ என்பதற்குரிய 7 என்னும் எண்ணின்கீழ் அவை அடங்கும். பிஸ்பீனால்-ஏ என்னும் வேதிப்பொருள் பாலிகார்பனேட்டுக்கு உரியது. ‘பெட்’ அதனால் செய்யப்படுவதன்று. இப்பொருள் உடலினுள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப்போல் செயற்பட வல்லது. ஆதலின் குழந்தைகளின் பாலூட்டும் புட்டிகளில் இதனை ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் அமெரிக்கா 2012இலும் விலக்கின. நம் நாட்டின் தர நிர்ணய விதி 2015இல் விலக்கியது.

வெப்பம் இக்கசிவை விரைவுபடுத்துகிறது. 2008இல் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர் பாலிகார்பனேட் புட்டிகளில் கொதிநீரை வார்த்துப் பார்த்தபோது, குளிர்ந்த நீரில் கசிவதைவிட 55 மடங்குவரை விரைவாக அப்பொருள் கசியக் கண்டனர். இச்செய்தி நமக்கென்றே சொல்லப்பட்டதுபோல் உள்ளது. நோன்பு நாட்களில் நீரைக் காய்ச்சிப் பருகுவோர் நாம். அந்நீரை ஆறவிடாது புட்டியில் நிரப்பிப் பள்ளிக்கும் பயணத்துக்கும் கொடுத்தனுப்பும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. நுண்ணுயிரைக் கருதிச் செய்யும் நற்செயல், குழந்தையின் உடலைக் கருதாமல் முடிகிறது.

இதில் அறிஞர் ஒருமனப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் முன்னிலும் 20,000 மடங்கு குறைத்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமோ அத்துணைக் கடுமைக்குச் சான்று போதாது என்றது. ஆயினும் 2024 டிசம்பரில் உணவு தொடும் பொருள்களில் பிஸ்பீனால்-ஏயைத் தடைசெய்யும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிவிட்டது. ‘எல்லாப் புட்டியும் புற்றுநோய் தரும்’ என்று அண்டை வீட்டாரை அச்சுறுத்துவது வாய்மை விரதத்துக்கு இழுக்கு. ஆசிரியப் பயிற்சி மாணவியருக்கு நான் அடிக்கடி கூறியதுண்டு: ‘இருக்கலாம்’ என்பதை ‘இருக்கிறது’ என்று கரும்பலகையில் எழுதாதீர்கள்.

ஐயம் தீராத நிலையில் இல்லறத்தான் செய்யத்தக்கது யாது? தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில், உயிருக்கு ஊறு நேர்தலோடு பிரமாதம் எனப்படும் விழிப்பின்மையையும் சேர்த்தே கூறுகிறது. ஊறு உறுதியாகும்வரை காத்திருக்கலாம் என்பார்க்கு இவ்விலக்கணம் துணைநில்லாது. நீரை ஆறவிட்டு எவர்சில்வர் கலத்தில் ஊற்றுவதற்கு வேண்டுவது சிறிது நேரம், இழப்பு ஏதுமில்லை. அதைச் செய்யாமைக்கு அறியாமையைக் காரணம் காட்ட இனி இயலாது.

என்னை உறுத்துவது வேறொன்று. இச்செய்திகளை அறிந்த குடும்பத்தார் எவர்சில்வருக்கு மாறுகின்றனர். கீறல் விழுந்த பழைய புட்டிகளைப் பணிப்பெண்ணின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகின்றனர். அதைத் தானம் என்றும் எண்ணிக்கொள்கின்றனர். நம் பிள்ளைக்கு ஆகாது என்று விலக்கிய பொருள் அப்பிள்ளைக்கு எவ்வாறு ஆகும்? சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தலருகே புட்டிகளை அடுக்கிவைத்து வழிப்போக்கருக்கு வழங்குவோரையும் இதே வினா தொடர்கிறது. மண்பானையும் நான்கு குவளைகளும் அதைவிட எளியவை; குவளைகளைக் கழுவ ஓர் ஆள் மட்டும் கூடுதலாக வேண்டும். பழைய புட்டிகள் மறுசுழற்சிக்குப் போகட்டும். அப்பிள்ளைகளுக்குப் புதிய எவர்சில்வர் புட்டியே வாங்கிக் கொடுக்கலாம்.