நல்ல எலும்பை வெட்டலாமா?



கொட்டாஞ்சேனைப் பேராலயத்திலோ வெள்ளவத்தை ஆலயத்திலோ முழந்தாட்படியிட முடியாமல் பின்வாங்கில் அமர்ந்திருப்போர் எத்தனை பேர்! அவர்களிற் சிலருக்குக் கால் வில்லாக வளைந்து, முழங்காலின் உட்பக்கக் குருத்தெலும்பு மட்டும் தேய்ந்திருக்கும். அத்தகையோருக்கென ஒரு சத்திரசிகிச்சை உண்டு. ஜாக்சன், வோ என்னும் பிரித்தானிய வைத்தியர் இருவர் 1961இல் இதுபற்றி எழுதினர். தேய்ந்த இடத்தை மாற்றுவதில்லை. அதற்குக் கீழுள்ள நல்ல எலும்பை வெட்டி, நிமிர்த்தி, தகடு வைத்துப் பொருத்துகிறார்கள். உடற்பாரம் தேயாத வெளிப்பக்கத்துக்கு மாறுகிறது, நோவு குறைகிறது.

நோயுற்றது ஒன்று, வெட்டுப்படுவது இன்னொன்று. இது நியாயமா?

நியாயமே. இரண்டும் ஓருடலின் உறுப்புகள். தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளராது. வெட்டிய எலும்போ சில மாதங்களிற் கூடிவிடும். ஆறக்கூடியது, ஆறமுடியாததற்காகக் காயத்தை ஏற்கிறது.

ஆயினும் அதற்கோர் அளவுண்டு. வைத்தியர் எக்ஸ்ரே படத்திற் கோணத்தை அளந்தே வெட்டுகிறார். அளவு மீறித் திருப்பினால் நல்ல பக்கமும் தேய்ந்துபோகும்.

இனி நம் வீடுகளைப் பார்ப்போம். முதிய தாயின் பாரம் முழுவதையும் ஒரு மகளே சுமந்து தேய்கிறாள். "அவளுக்குப் பழகிவிட்டது" என்கிறோம் மற்றவர்கள். அவளுக்கு ஆறுதல் வார்த்தை போதாது. நோவின்றி இருக்கும் நாம் நமது நேரத்தையும் பணத்தையும் சற்றே வெட்டிக் கொடுக்கவேண்டும். அதையும் அளந்து பகிர்வோம். ஒருத்தியை விடுவித்து இன்னொருவரைத் தேயவிடுவது தீர்வாகாது.

அடுத்த கிளினிக் நாளில் தாயை அழைத்துச் செல்லப்போவது யார்? இன்றிரவே வீட்டிற் பேசிப் பாருங்கள்.