பயிற்சிக்குப் பிறகு எந்தப் பொறுப்பு?

1951-ல் ஐ.ஏ.எஸ். பணிக்கு வந்த அன்னா ராஜம் ஜார்ஜிடம், பெண்ணுக்கு வெளியுறவுப் பணி போன்றவைதான் பொருந்தும் என்று தேர்வுக் குழுவிலேயே சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. சென்னை மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தார். திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்ற நிபந்தனையோடு நியமன ஆணை வந்தது. முதலமைச்சர் ராஜாஜிக்கும் தயக்கம்தான். மாவட்டத்துக்கு அனுப்பாமல் தலைமைச் செயலகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். குதிரையேற்றம், துப்பாக்கி சுடுதல், மாஜிஸ்திரேட் அதிகாரத்தைக் கையாளுதல் எல்லாம் பயின்றிருந்தவர் அன்னா ராஜம். வாதாடித்தான் சப் கலெக்டர் ஆனார்.

பயிற்சியில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பொறுப்பைத்தான் கொடுக்க மனம் வரவில்லை. பெண் அதிகாரிகளுக்கான தலைமைப் பண்புப் பயிற்சிகளைப் பார்க்கும்போது இதுவே நினைவுக்கு வருகிறது.

தன்னம்பிக்கை, நேர மேலாண்மை, வீட்டையும் அலுவலகத்தையும் சேர்த்துச் சமாளிப்பது என்று வகுப்புகள் நடக்கின்றன. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் தாசில்தார், புயல் இரவில் முகாமுக்கு அரிசியும் பாயும் அனுப்பிவிட்டு, விடிந்ததும் சேதக் கணக்கெடுக்கக் கிளம்பியவராக இருப்பார். அவருக்கு வேண்டியது வேறு. தனக்குக் கீழே இருப்பவர் மேல் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குறிப்பாணை கொடுத்தால் விசாரணையில் நிற்கும்படி எழுதுவது எப்படி, வாய்மொழி உத்தரவு வந்தால் கோப்பில் அதை எப்படிப் பதிவது, உயர் நீதிமன்றத்தில் எதிர்மனு எப்படித் தாக்கல் செய்வது. இவை தெரிந்த அதிகாரியை யாரும் மிரட்ட முடியாது.

கீழ்நிலையில் சிக்கல் இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. நேரடி நியமனத்தில் வரும் இளநிலை உதவியாளர், பவானிசாகர் அரசுப் பயிற்சி நிலையத்தில் தங்கி அடிப்படைப் பயிற்சி முடித்தால்தான் தகுதிகாண் பருவம் நிறைவாகும். கைக்குழந்தை இருப்பவர் அதைத் தள்ளிப்போட்டால் பதவி உயர்வும் தள்ளிப்போகக்கூடும். குழந்தையோடு தங்க வசதி செய்து தருவது சலுகை ஆகாது, பயிற்சியின் ஒரு பகுதி அது.

விதியிலேயே பாரபட்சம் இருந்தபோது வெளியுறவுப் பணி அதிகாரி சி.பி. முத்தம்மா உச்ச நீதிமன்றம் வரை போனார். வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வு வந்துவிட்டதால் மனு தள்ளுபடியானது. ஆனாலும் வெளியுறவுப் பணி விதிகளைத் திருத்த வேண்டும் என்று 1979 தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் அழுத்தமாகவே எழுதினார்.

தமிழ்நாட்டில் 1989-ல் வந்த 30 விழுக்காடு ஒதுக்கீடு பெண்களை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தது. எந்தப் பிரிவு, எந்த மாவட்டம், யார் கையில் நிதி அதிகாரம் என்பதற்கு ஒதுக்கீடு கிடையாது. தலைமைப் பயிற்சி முடித்த பெண்களுக்கு அடுத்த ஓராண்டில் என்ன பொறுப்பு தரப்பட்டது என்று ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் எழுதட்டும்.