இரு கை ஆட்டம்

கொழுந்தெடுக்க முதல் நாள் போகிறவர் ஒரு கையால்தான் பறிப்பார். இடக்கை கிளையை வளைத்துப் பிடித்திருக்கும், வலக்கை கிள்ளும். மலேசியத் தேயிலை ஊரான கோலா தெர்லாவில் என் அம்மா தலைமுறைப் பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். "ரெண்டு கையும் ஓடணும்" என்பார்கள். ஒரு கையில் இரண்டு இலையும் மொட்டும் வந்து சேரும்போதே மறு கை அடுத்த தளிரில் இருக்கும். கை நிறைந்ததும் கொழுந்து தோளுக்கு மேலாக முதுகுக் கூடைக்குள் போய் விழும். எடைக்குத் தகுந்த கூலி. ஒரு கை தூங்கினால் சாயங்காலம் தராசில் தெரிந்துவிடும்.

அதே பெண்கள்தான் வீட்டில், இடக்கையால் தட்டை நீட்டும் பிள்ளையை அதட்டினார்கள். உண்பது, கொடுப்பது, வாங்குவது, திருநீறு இடுவது எல்லாம் வலக்கைக்கு. மலாய்க்காரர் வீடுகளிலும் இதே ஒழுங்குதான். எங்கள் வாழ்வில் இடக்கைக்குச் சம மரியாதை இருந்த ஒரே இடம் தேயிலை நிரை. இப்போது அங்கேயும் கத்தரியும், இரண்டு பேர் பிடித்துச் செல்லும் வெட்டு இயந்திரமும் வந்துவிட்டன. கைகளுக்கு அவற்றைப் பிடிக்கிற வேலைதான் மிச்சம். அந்த விரல் வேகம் ஒரு தலைமுறையோடு போய்விடுமே என்பது என் துக்கம்.

நடுவயதில் நான் டென்னிஸ் மட்டையை இடக்கைக்கும் கொடுத்ததற்குக் காரணம் இந்தத் துக்கம்தான். இரண்டு கையாலும் சேர்த்துப் பிடிக்கும் பேக்ஹேண்டைச் சொல்லவில்லை. வலப்பக்கம் வரும் பந்துக்கு வலக்கை, இடப்பக்கம் வரும் பந்துக்கு இடக்கை, இரண்டுமே ஃபோர்ஹேண்ட். இத்தாலியின் ஜோர்ஜோ தெ ஸ்டெஃபானி இப்படி ஆடி 1932இல் பிரெஞ்சுப் போட்டியின் இறுதிக்கு வந்தார். அமெரிக்காவின் பெவர்லி பேக்கர் ஃப்ளைட்ஸ் 1955இல் விம்பிள்டன் இறுதி ஆடினார். இருவருமே அங்கே தோற்றவர்கள். மட்டை கை மாறும் அந்த ஒரு நொடியில், வலைக்கு அருகில் பந்து கடந்து போய்விடும் என்று பயிற்சியாளர்கள் எச்சரிப்பார்கள். நியாயமான எச்சரிக்கை. ஆனால் நான் கோப்பைக்கு ஆடவில்லை.

சுவரில் பந்தடிக்கும்போது இடக்கை மெதுவாகத்தான் வந்தது. இருந்தாலும் வலக்கையின் அவசரம் அதற்கு இல்லை. பந்து உயர்ந்து இறங்கும் வரை காத்திருந்தது. பல ஆண்டுப் பழக்கம் தராத பொறுமையைப் பழகாத கை தந்தது. தெரிந்ததையே திரும்பச் செய்வது முதுமைக்குச் சுகம்தான். ஆனாலும் உடம்பின் ஒரு பாதி இன்னும் கற்கிறது என்ற நினைப்பில் எனக்குக் காலையில் எழ ஆசையாக இருக்கிறது.

இப்போது இடக்கையால் சர்வ் போடப் பழகுகிறேன். பந்தை மேலே எறியும் வேலை வலக்கைக்கு வந்திருக்கிறது. எறிந்த பந்து தலைக்குப் பின்னால் போய் விழுகிறது. இத்தனை காலமும் என் சர்வில் பாதியை இடக்கைதான் செய்துவந்திருக்கிறது.